மணல் வளவில் கொச்சிக்காய் (மிளகாய்): விதை போடுவதில் இருந்து காய் ஆய்வது வரை

வாசகி ஒருவரின் கேள்வி, 2024 ஜனவரி 18

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கிறோம். வளவு முழுக்க வெள்ளை மணல். கொச்சிக்காய் நட்டால் முதல் மாதம் நல்லாக வருகிறது. பிறகு இலை சுருண்டு, குருத்துக் கட்டையாகி, அப்படியே நின்றுவிடுகிறது. பூத்தாலும் கொட்டுகிறது. கடையில் பசளை வாங்கிப் போட்டும் பார்த்தேன், மாற்றம் இல்லை. வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருக்கிற எழுவான்கரை மணலில் கொச்சிக்காய் வராது, அது வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை மண்ணுக்கு உரிய பயிர் என்று பக்கத்து வீட்டு மாமி அடித்துச் சொல்கிறா. உண்மையா?

2024 ஜனவரி 18, இரவு

உண்மை இல்லை. களுதாவளைக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கள். அங்கேயும் இதே மணல்தான். கொச்சிக்காய், வெங்காயம், வெற்றிலை என்று தலைமுறையாக அந்த மணலில்தான் செய்கிறார்கள். கிணற்று நீரும் எருவும் கை உழைப்பும் சேர்ந்தால் மணல் விளையும்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்த மாதம் விதை போட்டீர்கள்? சுருண்ட இலை மேல்நோக்கிச் சுருண்டதா, கீழ்நோக்கிச் சுருண்டதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பசளை மூன்றாவது இடம்தான்.

2024 ஜனவரி 20

ஒக்டோபரில் முதல் மழையோடு விதை போட்டதாகவும், இலையைக் கவனிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இலையைப் பிறகு பார்ப்போம். இப்போது காலம்.

மட்டக்களப்பில் வருட மழையின் பெரும்பகுதி நவம்பர், டிசெம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிகிறது. ஒக்டோபரில் முளைத்த நாற்று, வேர் பிடிக்கிற வயதில் அந்த மழைக்குள் அகப்படுகிறது. மணலில் தண்ணீர் வடியும் என்பது சரிதான். ஆனால் மாரியில் எங்கள் கல்லடிப் பக்கத்தில் நிலத்தடி நீரே மேலே ஏறி வருகிறது, வடிவதற்குக் கீழே இடமில்லை. கொச்சிக்காயின் வேர் மூச்சு முட்டுகிறது. தண்டடி அழுகுகிறது. போட்ட யூரியா கரைந்து கிணற்றுப் பக்கம் போகிறது, செடி வெளிறி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னும் கொஞ்சம் யூரியா போடுகிறோம்.

பெரும்போகத்தில், அதாவது மாரி மழைக் காலத்தில், கொச்சிக்காய் செய்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்கள் மழைக்கு முன்பே நாற்றை வளர்த்து, உயர்ந்த பாத்தியில், வடிகால் வெட்டி நடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை. தைப்பொங்கல் முடிந்ததும் நாற்றுமேடை போடுங்கள். பெப்ரவரி கடைசியில் நடலாம். மே மாதத்தில் பச்சைக்காய் ஆயலாம். நீங்கள் கேள்வி கேட்ட நேரம் மிகப் பொருத்தமான நேரம், இன்றைக்கே தொடங்குங்கள்.

விதையைப் பற்றி. குசினியில் இருக்கிற செத்தலை (காய்ந்த மிளகாயை) உடைத்து விதை எடுக்க வேண்டாம். நாங்கள் வாங்கும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருவது. எப்போது காய்ந்தது, எந்த இனம், கலப்பினமா என்று எதுவும் தெரியாது. கலப்பினமாக இருந்தால் பிள்ளைச் செடி தாயைப் போல வராது. விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையத்தில் எம்.ஐ. 2, கே.ஏ. 2 போன்ற இனங்கள் கிடைக்கிறதா என்று கேளுங்கள். எம்.ஐ. என்றால் மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்தது. நான் எம்.ஐ. 2 வைத்துத்தான் பழகினேன்.

நாற்றுமேடைக்கு மணலும் கூட்டெருவும் மேல்மண்ணும் சமமாகக் கலந்து, ஒரு சாண் உயரம் வரை மேடாக்குங்கள். மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிடுங்கள். மண்ணின் மேற்பரப்பில் இருக்கிற பங்கசு அந்தச் சூட்டில் குறையும். முளைத்த நாற்று திடீரென்று தண்டடியில் மெலிந்து சாய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தப் பங்கசின் வேலை. மேடை ஆறிய பிறகு ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் விதையைப் போட்டு, மெல்லிய மண் தூவி, வைக்கோலால் மூடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். தெரிந்த உடனே வைக்கோலை எடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளிச்சம் தேடி நீண்டு, நூல் மாதிரி ஆகிவிடும்.

எறும்பு விதையைத் தூக்கிப் போகும். மேடையைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள், நனைந்தால் புதுச் சாம்பல்.

2024 ஜனவரி 23

விதையை ஊறப்போட வேண்டுமா என்று களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓர் இரவு ஊறினால் போதும். அதற்கு மேல் தண்ணீரில் கிடந்தால் விதை கெடும். ஊறும்போது மிதக்கிறதை எறிந்துவிடுங்கள்.

சாடியில் வளர்ப்பவர்களுக்கும் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். ஒரு செடிக்குப் பத்து லீற்றர் வாளி அளவாவது இடம் கொடுங்கள். அடியில் ஓட்டை இல்லாத வாளி வேண்டவே வேண்டாம்.

2024 பெப்ரவரி 11

நடுகிற குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், மணல் வளவின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது.

வெறும் மணலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் கீழே போய்விடும். அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். எங்கள் ஊரில் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, தென்னை இருக்கிறது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் பொச்சு மட்டையை உட்பக்கம் மேலே பார்க்கக் கவிழ்க்காமல் அடுக்குங்கள், கிண்ணம் மாதிரி நீரைத் தாங்கும். அதற்கு மேல் காய்ந்த மாட்டெருவும் தும்புச்சோறும் (பொச்சில் தும்பு எடுத்த பிறகு மிஞ்சும் தூள்) மணலும் கலந்து நிரப்புங்கள். இப்படிச் செய்த குழியில் கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி வாடாது.

ஒரு விஷயம் முக்கியம். வாவியில் ஊறப்போட்ட பொச்சும் அதில் இருந்து வந்த தும்புச்சோறும் உப்பைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுப் பாவியுங்கள். புது மாட்டெருவும் வேண்டாம், வேரைச் சுடும்.

இடைவெளி 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர். வளவு சின்னது என்று நெருக்கி நட ஆசை வரும். நெருக்கினால் காற்று உள்ளே போகாது, அடுத்த மாதம் நான் எழுதப்போகிற பூச்சிகளுக்கு அது பெருவிருந்து.

2024 பெப்ரவரி 12

நேற்று எழுதியதை வாசித்து என் தங்கச்சி தொலைபேசி எடுத்தா. அவ வவுணதீவுப் பக்கம் இருக்கிறா. அங்கே களி கலந்த மண். பொச்சு புதைக்கும் வேலை அந்த மண்ணுக்குப் பொருந்தாது, ஏற்கெனவே நீர் நிற்கிற மண்ணில் இன்னும் நீரைப் பிடித்து வைத்தால் வேர் அழுகும். படுவான்கரைக்காரர் குழி வெட்டாமல், மண்ணை மேடாக உயர்த்தி, எருவைக் கலந்து, மேட்டின் மேல் நடுங்கள். ஆக, நேற்றைய குறிப்பு எழுவான்கரை மணலுக்கு மட்டும்.

2024 பெப்ரவரி 27

நாற்று நாலைந்து இலையோடு ஒரு சாண் வந்துவிட்டதா? நடலாம். பின்னேரம் வெயில் இறங்கின பிறகு நடுங்கள். முதல் நாள் மேடைக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வேரோடு மண் ஒட்டிவர எடுக்க வேண்டும். நட்டதும் மூன்று நாலு நாளைக்குக் கிடுகுத் துண்டோ தென்னோலையோ குத்தி நிழல் கொடுங்கள். அடியில் கிளிசரியா இலையைப் பரப்பிவிடுங்கள். வேலியில் சும்மா நிற்கிற மரம்தானே. மணலின் சூட்டைக் குறைக்கும், உக்கும்போது நைதரசனும் கொடுக்கும்.

2024 மார்ச் 17

ஆரையம்பதித் தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறா. குருத்திலை நாலைந்து சுருண்டிருக்கிறது. இதைத்தான் எல்லாரும் "குருமன்" என்றும் "வைரஸ்" என்றும் ஒரே பேரில் சொல்லிவிட்டு, ஒரே மருந்தை வாங்கி அடிக்கிறார்கள். மூன்று வேறு வேறு காரணம் இருக்கிறது, மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, வள்ளம் மாதிரி இருந்தால் அது பனிப்பூச்சி. செடியின் குருத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மெல்லிய, மஞ்சள் நிறக் கீற்றுகள் ஓடும். ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாதது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். இலையின் அடியில் வெள்ளி பூசினது மாதிரித் தடம் இருக்கும். வெயில் ஏறி மழை நின்ற நாட்களில் இது பெருகும்.

இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, ஒடுங்கி, காம்பு நீண்டு, அடிப்பக்கம் செம்பு நிறம் கொண்டிருந்தால் அது சிற்றுண்ணி. இது வெறுங் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெருப்பிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருங்கள், மலிவு. சிற்றுண்ணி வெண் ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். அதனால்தான் ஒரு மூலையில் தொடங்கியது திடீரென்று வேறு மூலையில் தெரிகிறது.

மூன்றாவதுதான் உண்மையான வைரஸ். வெண் ஈ கொண்டு வருவது. இலை சிறுத்து, நரம்பைச் சுற்றி மஞ்சளித்து, செடி முழுக்கக் கட்டையாகிப் பற்றை மாதிரி நிற்கும். இதற்கு மருந்தே இல்லை. யார் என்ன போத்தலைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுங்கள். ஆசையாக வளர்த்த செடியைப் பிடுங்குவது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை விட்டுவைத்தால் முழுப் பாத்தியும் போகும்.

தங்கச்சியின் படத்தில் இலை மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. பனிப்பூச்சி. நல்ல செய்தி இது, திருத்தலாம்.

2024 மார்ச் 18

என்ன செய்வது என்று எழுதாமல் விட்டுவிட்டேன் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

காய்ந்த வேப்பம் விதைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, துணியில் வடித்து, ஒரு சிட்டிகை சவர்க்காரம் கரைத்துத் தெளியுங்கள். பின்னேரம்தான் தெளிக்க வேண்டும், வெயில் பட்டால் அதன் சத்துப் போகும். இலையின் மேலே தெளித்துப் பயனில்லை. பூச்சி இருப்பது அடியில். மருந்து தெளிக்கிற விசிறியின் வாயைக் கீழே இருந்து மேலே பிடியுங்கள். வாரத்துக்கு ஒரு தரம்.

சிற்றுண்ணிக்கு நீரில் கரைகிற கந்தகத் தூள் வேலை செய்யும், அது பூச்சி இனமே இல்லை என்பதால் பூச்சி மருந்து பலதும் அதற்குப் படாது. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் கந்தகம் இலையைச் சுடும். 32 பாகைக்கு மேல் போகிற நாளில் அடிக்க வேண்டாம், வேப்பெண்ணெய் அடித்த கையோடும் அடிக்க வேண்டாம்.

ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. அதைப் பார்த்துக் கவலைப்பட்டு மேலும் மேலும் அடிக்காதீர்கள். புதிதாக வருகிற குருத்தைப் பாருங்கள். அது நேராக வந்தால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். மிக மோசமாகச் சுருண்ட நுனியை வெட்டி எடுத்துவிட்டால் பக்கக் கிளை நன்றாக வெடிக்கும்.

பசளைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. யூரியா கூடினால் குருத்து கொழுத்து மெத்தென்று வரும், உறிஞ்சுகிற பூச்சிக்கு அதுதான் வேண்டும். தங்கச்சி, கடைப் பசளை போட்டும் மாற்றம் இல்லை என்று எழுதினீர்களே, அது பூச்சிக்குச் சோறு போட்டிருக்கிறது. மணலில் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகத்தான் கொடுக்க வேண்டும்.

பாத்தியின் காற்று வரும் பக்கத்தில் இரண்டு வரி சோளன் நட்டுவிடுங்கள். வெண் ஈயைப் பெருமளவு தடுக்கும், பிள்ளைகளுக்கு அவித்துத் தின்னவும் ஆச்சு.

2024 மார்ச் 30

ஒருவர் எழுதியிருக்கிறார்: கடைக்காரர் மூன்று மருந்தைக் கலந்து கொடுத்தார், அடித்த மூன்றாம் நாள் காய் ஆய்ந்து சமைத்தோம், செடி அருமையாக இருக்கிறது என்று.

தயவு செய்து இப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு மருந்துப் போத்தலிலும், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் எடுக்கலாம் என்று எழுதியிருக்கும். கலந்து அடிக்கும்போது அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் போகிறது. பச்சைக் கொச்சிக்காயை நாம் சம்பலில் பச்சையாகவே சேர்க்கிறோம், தோல் சீவித் தின்கிற பொருளும் இல்லை. வீட்டில் நட்டுத் தின்பதன் முழு நோக்கமே பிள்ளைகளின் தட்டில் விஷம் இல்லாமல் இருப்பதுதான். அதை இழந்துவிட்டுச் செடி அருமையாக இருந்து என்ன பயன்? சந்தேகம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் அவரைப் பிடிக்கலாம்.

2024 ஏப்ரல் 21

புத்தாண்டு முடிந்து இந்தப் பக்கம் வருகிறேன். நிறையப் பேர் இலை நுனி கருகுவதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் கல்லடி, நாவலடி, டச்பார் பக்கம். இது நோய் இல்லை, தண்ணீர்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நடுவில் இருக்கிற மணலுக்குள் மழைநீர் உப்பு நீருக்கு மேலே மிதக்கிற மெல்லிய படை போலத்தான் நிற்கிறது. மோட்டரைப் போட்டு அதிகம் இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே வரும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணறுகள் இருந்த நிலையை இந்தக் கரையில் இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடல்நீர் உள்ளே நிறைந்தது ஒரு பக்கம், சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்பு இன்னும் ஏறின கிணறுகள் இன்னொரு பக்கம். அடுத்தடுத்த மாரி மழைதான் கழுவிக் கொடுத்தது.

கொச்சிக்காய்க்கு உப்பு ஆகாது. மண்ணின் உப்பளவு மீற்றருக்கு 1.5 டெசிசீமன் (மின் கடத்தும் அளவை வைத்து உப்பை அளக்கிற அலகு) தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நாக்குக்குத் தெரியாத உப்பும் செடிக்குத் தெரியும். வாளியால் அள்ளி ஊற்றுங்கள், மோட்டர் வேண்டாம். கிணற்றின் மேல் நீர்தான் நல்ல நீர். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தவர்கள் பாக்கியசாலிகள். இலையின் மேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள்.

2024 மே 12

ஆரையம்பதியில் இருந்து படம்! முதல் காய். பச்சைப் பசேல் என்று ஒரு கை நிறைய. மாமிக்கும் கொடுத்ததாக எழுதியிருக்கிறா. மனம் நிறைந்துவிட்டது.

காயைக் காம்போடு ஆயுங்கள், காம்பு இல்லாமல் பிடுங்கினால் அழுகல் அந்தக் காயத்தால் உள்ளே போகும். வாரம் ஒரு தரம் ஆய வேண்டும். முதல் காய்களைப் பழுக்க விடாதீர்கள். பழுக்க விட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைக்கும்.

2024 மே 19

உறைப்பு போதாது என்று ஒரு முறைப்பாடு. காய் முற்றும் காலத்தில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். செடி லேசாகத் தாகப்பட்டால் உறைப்பு ஏறும். ஆனால் குறைப்பது சீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக்கினால் காயின் நுனி கறுத்து அழுகும். அது கல்சியம் காய்வரை போய்ச் சேராததால் வருவது, தண்ணீர்தான் அதைச் சுமந்து போகிறது.

உறைப்பு விதையில் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் அது உண்டாகிறது. விதையில் தொற்றியது அதில் இருந்து பட்டது. பிள்ளைகளுக்குச் சமைக்கும்போது அந்த நரம்பை வழித்து எடுத்தால் போதும்.

கிளி, மைனா வந்து பழத்தைக் கொத்துவதற்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். பறவைக்கு உறைப்பே தெரியாது. அது தின்று, விதையைக் கெடாமல் வேறு இடத்தில் போட்டுவிடும். எங்கள் வேலியோரம் யாரும் நடாமல் முளைக்கிற குட்டிக் கொச்சி எல்லாம் பறவை போட்டதுதான். அணிலுக்கும் எலிக்கும் நம்மைப் போல எரியும், அவை ஒரு கடியோடு விட்டுவிடும். பழைய மீன்வலையைப் பாத்திக்கு மேல் கட்டுங்கள், பறவை சிக்காதபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்த செடி இது. அதற்கு முன்னே எங்கள் முன்னோர் மிளகைப் போட்டுத்தான் மீன் ஆணம் காய்ச்சியிருப்பார்கள். அந்த ஆணத்தின் ருசியை ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

2024 ஜூன் 23

மேற்கில் இருந்து வீசுகிற கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. இப்போது பூக் கொட்டுகிறது என்று எழுதுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பகல் 35 பாகையைத் தொட்டு, இரவும் சூடு இறங்காமல் இருந்தால் கொச்சிக்காய்ப் பூவின் மகரந்தம் கெட்டுவிடும், பூ தானாக உதிரும். வறண்ட காற்று அதோடு சேருகிறது. மேற்குப் பக்கம் கிடுகு கட்டி மறைவு கொடுங்கள். காலையில் வெள்ளெனத் தண்ணீர் ஊற்றுங்கள். இதைத் திருத்த இன்னும் பசளை போட்டால் இலைதான் வரும். செடியை உயிரோடு வைத்திருந்தால் சூடு குறைந்ததும் மறுபடி பூக்கும்.

2024 ஜூன் 25

பசளை என்றதும் 2021 நினைவுக்கு வருகிறது. மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் தடையை விலக்கியது. அந்த இடைப்பட்ட காலத்தில் படுவான்கரை வேளாண்மைக்காரர் பட்ட பாடு பெரும் பாடு. நான் வீட்டுத் தோட்டத்துக்குக் கூட்டெரு போதும் என்று சொல்வதை, வயலுக்கும் அது போதும் என்று சொல்வதாக எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து செடிக்குக் குசினிக் கழிவிலும் மாட்டெருவிலும் சமாளிக்கலாம். ஏக்கர் கணக்கில் நெல் செய்கிறவருக்கு ஒரே நாளில் மாறு என்று சொல்வது கொடுமை. இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2024 ஓகஸ்ட் 18

செத்தல் போடுவது. பழம் முழுக்கச் சிவந்த பிறகு ஆய்ந்து, ஓர் இரண்டு நாள் நிழலில் குவித்து வையுங்கள், அரைகுறையாகச் சிவந்ததும் நிறம் பிடிக்கும். பிறகு வெயில். வெறும் நிலத்தில் பரப்ப வேண்டாம். பாயிலோ, இன்னும் நல்லது கட்டில் மாதிரி உயர்த்திய தட்டியிலோ பரப்புங்கள். பின்னேரம் பனி விழ முன் அள்ளி உள்ளே எடுங்கள். ஈரம் மிஞ்சின செத்தலில் பூஞ்சணம் பிடித்தால் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு அதில் உண்டாகும், பொரித்தாலும் இடித்தாலும் போகாது. கறுத்ததையும் பூத்ததையும் தயங்காமல் எறியுங்கள். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், அதுதான் பதம். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ அளவில்தான் செத்தல் வரும்.

கொஞ்சமாகக் கிடைத்தவர்கள் மோர் மிளகாய் போடுங்கள். கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவிட்டுப் பகலில் காயவைத்து, இரவில் அதே மோரில் திரும்பப் போடுவது. மோர் வற்றும் வரை.

2024 செப்டெம்பர் 8

விதைக்கு எடுக்கிற காயை முதலிலேயே குறித்து வையுங்கள். சுருள் ஒருபோதும் வராத, காய் நிறையப் பிடித்த செடியில், நடுக் காலத்தில் பழுத்தது. கொச்சிக்காய் தன் மகரந்தத்தில்தான் பெரும்பாலும் காய்க்கும். ஆனால் தேனீ கலந்தும் விடும். பக்கத்தில் குட்டிக் கொச்சி நின்றால் அடுத்த வருடம் என்ன வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு கிளையைப் பூக்கும் முன்னே மெல்லிய நுளம்பு வலைத் துணியால் கட்டிவிடுங்கள். உள்ளே பிடித்த காய் தூய விதை தரும். நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத போத்தலில் கொஞ்சம் சாம்பலோடு வைத்தால் இரண்டு வருடம் தாங்கும்.

2024 டிசெம்பர் 8

நவம்பர் கடைசி வார வெள்ளம் வடிந்து இப்போதுதான் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம். அம்பாறைப் பக்கத்து உறவுகளும் பத்திரமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தைப் பற்றி இந்த நேரத்தில் கேட்கலாமா என்று தயங்கி எழுதியிருந்த அக்காவுக்கு: கேளுங்கள். முற்றத்தில் ஏதாவது பச்சையாக நின்றால்தான் மனம் தேறும்.

ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வேர் நீருக்குள் நின்ற கொச்சிக்காய்ச் செடி தப்புவது அரிது. தண்ணீர் வடிந்த பிறகு ஈரமான மண்ணிலேயே வாடுகிறது என்றால் வேர் போய்விட்டது, பிடுங்குங்கள். வெள்ள நீரில் மலக்குழித் தண்ணீர் கலந்திருக்கும். நின்ற செடியின் காயைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்ட பிறகு பாவியுங்கள். பாத்தியைக் கிண்டி, வெயில் வந்ததும் காயவிடுங்கள். நாற்றுமேடைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

2025 ஜனவரி 19

பொங்கல் முடிந்தது, மேடை போடுகிற நேரம். போன வருடம் நட்ட அதே இடத்தில் நடலாமா என்பதுதான் இந்த வாரம் அதிகம் வந்த கேள்வி.

நட வேண்டாம். கத்தரி, தக்காளி நின்ற இடத்திலும் வேண்டாம், அவையும் இதே குடும்பம், மண்ணில் இருக்கிற நோய் ஒன்றுதான். அந்த இடத்தில் இந்த முறை பயற்றங்காய் போடுங்கள், மண்ணுக்கு நைதரசன் சேரும். வளவு சின்னது, வேறு இடமே இல்லை என்றால் இந்த வருடம் வாளியில் புது மண் கலந்து வளருங்கள். பழைய குழியில் இருக்கிற பொச்சு உக்கி நல்ல கறுப்பாக இருக்கும். அதை எடுத்து வாழைக்குப் போடலாம்.

விதை இல்லாதவர்கள் எழுதுங்கள். ஆரையம்பதித் தங்கச்சியிடம் வலை கட்டி எடுத்த எம்.ஐ. 2 விதை ஒரு போத்தல் இருக்கிறதாம், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறா.